புதிதாக வந்தவை மட்டும்

பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், எங்கிருந்தோ மல்லிகை வாசம் வர வேண்டும் என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. செஞ்சி வெயிலில், கோட்டைப் பாறை கொதித்து இறங்கி, தெருவில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத உச்சி வேளையில் நடந்தது. நடந்தது என்றால் நடந்ததுதான். நான் தையல்காரன். இருக்கிற துணியை அளந்து தைத்துத்தான் பழக்கம். இல்லாத துணியை ஒட்டுப் போட்டு நீட்டுகிற வேலை எனக்குத் தெரியாது.

நடந்தது எனக்கில்லை. என் கடையை ஒட்டின கடைக்காரன் எழிலரசனுக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நல்ல கைராசி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சாமி, பூதம், ஜாதகம் ஒன்றையும் நம்ப மாட்டான். "பேட்டரி போனா போன் செத்துடுது மாஸ்டர். மனுசனும் அவ்ளோதான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். இப்போது போய் அவனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், பார்ப்போம்.

அவன் மனைவி ஷோபனா. ஒரே பெண் குழந்தை, பெயர் கலைமதி. ஐந்து வயது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் பாப்பாதான். சாயங்காலம் எழிலரசனின் பைக் தெருமுனையில் திரும்பும்போதே உள்ளேயிருந்து ஓடி வந்து, கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தும்.

"நைனா வண்டி வந்துச்சு! பஜ்ஜி வாங்கி வந்துச்சு!"

அதுவே கட்டின பாட்டு. பஜ்ஜி வாங்காமல் வந்த நாளிலும் அதே பாட்டுதான். தெருவுக்கே கேட்கும். இந்தப் பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழிலரசனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அமாவாசைக்கு அமாவாசை வீட்டுப் படங்களையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்பான். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. பாப்பாவின் முதல் பிறந்தநாள் படங்கள் ஒருமுறை லேப்டாப்போடு சேர்ந்து போய்விட்டன. ஊரார் போனுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவன், சொந்தப் பிள்ளை படத்தைக் கோட்டை விட்டான். ஷோபனா அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். மறுபடி பேசினபோது சொன்ன முதல் வார்த்தை இது:

"இனிமே எம் புள்ள படம் ஒண்ணுகூட போவக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

அன்றைக்கே உள்ளங்கை அளவில் கறுப்பாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தான். ஷோபனா அதைத் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் பீரோவில் வைத்தாள். நகை மாதிரி.

அமாவாசை ஏன் என்றால், அன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம். ஸ்பெஷல் பஸ் வரிசைகட்டி நின்று பஜாரே மூச்சுத் திணறும். கடைக்கு வருகிறவன் ஒன்று தண்ணீர் கேட்பான், இல்லையென்றால் வழி கேட்பான். எழிலரசன் மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்து உட்காருவான்.

முதல் தடவைதான் எல்லாவற்றையும் காப்பி எடுக்கும். அதற்கப்புறம் போன அமாவாசைக்குப் பிறகு புதிதாக வந்ததை மட்டும் எடுத்துச் சேர்க்கும். பழையதைத் தொடாது. எதையும் அழிக்காது. அப்படித்தான் அவன் அமைத்து வைத்திருந்தான். ஓடும்போது பச்சை லைட் விட்டு விட்டு எரியும். உள்ளே டிக்… டிக்… என்று மெல்லிய சத்தம். கூடவே புதிது எத்தனை, அழிந்தது எத்தனை என்று திரையில் காட்டும். அழிந்தது எப்போதும் பூஜ்யம்தான். ஃபோல்டர் மூன்று. எழில், ஷோபனா, பாப்பா.

போன பங்குனியில் ஷோபனாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். மூளைக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். நினைவு வரும்போதெல்லாம் ஒன்றையே கேட்டாளாம்.

"பாப்பாவக் கூட்டினு வா."

"நாளைக்குக் கூட்டினு வரேன்" என்றான் எழிலரசன்.

நாளைக்கு அவள் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கணவன் இருக்கப் போனவள் என்று மஞ்சள் பூசி, பூ வைத்து, இரண்டு கையும் நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டார்கள். அனந்தபுரத்திலிருந்து எழிலரசனின் அக்கா ஜெயக்கொடி வந்திருந்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"ஒரே ஒரு வாட்டி புள்ள மொகத்தக் காட்டுடா. பாத்துட்டுப் போவட்டும்."

"செத்தவங்களுக்குக் கண்ணு தெரியுமாக்கா? புள்ள பயந்துடும். சும்மா இரு."

எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையை விட்டுப் போகிற தாய்க்குப் பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் எடுக்க மாட்டார்கள். அவன் பாப்பாவைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டான். ஏரிக்கரைச் சுடுகாட்டில் தாண்டவராயன் குழி வெட்டினார். புதைத்துவிட்டு வந்தார்கள். எடுக்கும்போது வாசலில் நானும் நின்றேன். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு வேலையும் செய்தான். ஷோபனாவின் போனை அணைக்கவில்லை. அவள் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், சார்ஜில் போட்டே வைத்தான். அதில் விழுகிற படம் தானாக லேப்டாப்பில் அவள் ஃபோல்டருக்கு வந்துவிடும். பழைய ஏற்பாடு, அவன் அதை எடுத்துவிடவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தங்கிவிட்ட ஜெயக்கொடி சண்டை போட்டாள்.

"அத்த அணைச்சி எடுத்து வைடா. உசுரோட வெச்சினு இருக்கற நீ."

அவன் கேட்கவில்லை. அவள் எண்ணிலிருந்து இனி அழைப்பு வராது என்று தெரிந்தும், திரை இருண்டு கிடப்பதை அவனால் பார்க்க முடியவில்லை. பாவம், அவனைத் திட்டவும் மனம் வரவில்லை.

சித்திரை அமாவாசை வந்தது. வழக்கம்போல ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகினான். லைட் எரிந்தது. டிக்… டிக்… முடிந்தது.

ஷோபனா ஃபோல்டரில் புதிது… ஒன்று.

திறந்தான். கறுப்பு. வெறும் கறுப்பு. போன் தானாக எதையோ எடுத்திருக்கிறது என்று நினைத்தான். தொழில்காரன் இல்லையா, சும்மா விடாமல் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். கறுப்புக்குள் மண் தெரிந்தது. ஈர மண். குறுக்கே ஒரு வேர்.

பூத்தொட்டிப் பக்கம் யாராவது போனைத் தவற விட்டிருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அந்த வீட்டில் பூத்தொட்டியே கிடையாது.

வைகாசி அமாவாசை. ஷோபனா ஃபோல்டரில் புதிது ஒன்று. அழிந்தது… ஒன்று. அழிக்கிற வேலையே இல்லாத இடத்தில் எது அழிந்தது? தேடினான். பாப்பா ஃபோல்டரில் ஒரு படம் இல்லை. முந்தின வாரம் மொட்டை மாடியில் அவனே எடுத்தது. பாப்பா நுங்கு தின்கிற படம், பின்னால் ராஜகிரி மலை.

அது ஷோபனா ஃபோல்டரில் இருந்தது.

அதே மாடி. அதே மலை. அதே நுங்கு. ஆனால் பாப்பாவின் தோளில் ஒரு கை இருந்தது. கை மட்டும். மணிக்கட்டு நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்.

அந்த வளையலை அவள் உயிரோடு ஒரு நாளும் போட்டதில்லை. கடைசி நாளில் போட்டதை யாரும் படம் எடுக்கவும் இல்லை.

எழிலரசன் லேப்டாப்பை மூடிவிட்டான். அக்காவிடம் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் என்னிடம் சொன்னான். "மேல்மலையனூருக்குப் போய் அம்மன்கிட்ட ஒரு கயிறு வாங்கிக் கட்டுடா" என்றேன். "போன்ல ஏதோ கோளாறு மாஸ்டர்" என்றான். கோளாறாம்! கைக்கு வளையல் மாட்டி விடுகிற கோளாறு!

ஆனி அமாவாசையில் மூன்று படம் இடம் மாறியது. அன்று பாப்பாவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். தூக்கத்தில் சிரித்தது. ஜெயக்கொடி நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே "இன்னாடி கண்ணு சிரிக்கிற?" என்று கேட்டாள்.

"அம்மா கூப்புடுது."

அதைக் கேட்ட பிறகுதான் எழிலரசன் படங்களைப் பற்றி அக்காவிடம் சொன்னான். அப்புறம் ஆடி அமாவாசை. செத்தவர்களுக்குப் படையல் போடுகிற பெரிய அமாவாசை. மேல்மலையனூரில் எள் போட்டால் எள் விழாது. ஜெயக்கொடி பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முடியை ஆற விட்டு, சாப்பாடு ஊட்டித் தூங்க வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"இன்னிக்கு அந்தப் பொட்டிய எடுக்காத. கும்புட்டுக் கேக்கறேன்."

"எடுக்கல, போ."

எடுத்தான். ஏன் எடுத்தான் என்று நானும் கேட்டேன். "பாப்பா படம் பறிபோவுது மாஸ்டர். எங்க போவுதுன்னு பாக்க வேணாமா? ஒண்ணுகூட போவக் கூடாதுன்னு அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றான். அவளுக்குக் கொடுத்த வாக்கு. அவளிடமிருந்தே காப்பாற்றப் பார்த்திருக்கிறான்.

உச்சி வேளை. வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பாயில் தூங்கும் பாப்பாவின் இரண்டு பாதம் மட்டும் அங்கிருந்து தெரிந்தது. அதைப் பார்க்கும்படியாகத்தான் உட்கார்ந்தான்.

செருகினான். பச்சை லைட் எரிந்தது.

டிக்… டிக்…

அழிந்தது ஒன்று. அழிந்தது ஆறு. அழிந்தது இருபது.

பாப்பா ஃபோல்டரைத் திறந்தான். படங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. மொட்டை போட்ட படம். காது குத்தின படம். ஊஞ்சல் ஆடின படம். விட்டுப்போன இடத்தில் வெள்ளைக் கட்டம்.

அந்தப் பக்கம் ஷோபனா ஃபோல்டர் நிறைந்துகொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் பச்சை வளையல் கை. தோளில். தலையில். இடுப்பைச் சுற்றி.

கரண்ட் போனது.

ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. வீடு அமைதியானது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது.

டிக்… டிக்… டிக்…

கேபிளைப் பிடுங்கினான்.

லைட் அணையவில்லை.

ஹார்ட் டிஸ்க் கையில் இருந்தது. கேபிள் தரையில் கிடந்தது. கைக்குள் பச்சை லைட் எரிந்து எரிந்து அணைந்தது. சூடாக இருந்தது… காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி.

க்ளிக்.

விளக்குக்குப் பக்கத்திலிருந்து. ஷோபனாவின் போன். படம் எடுக்கிற சத்தம்.

க்ளிக். க்ளிக்.

அப்புறம் அந்தப் போனிலிருந்து அவள் குரல் வந்தது. ஆஸ்பத்திரிக் குரல். வறண்ட, உடைந்த குரல். அதை யாரும் பதிவு செய்ததில்லை.

"பாப்பாவக் கூட்டினு வா…"

திரும்பி அறையைப் பார்த்தான்.

பாதங்கள் இல்லை.

பாய் இருந்தது. தலையணையில் ஈரம் இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

ஓடினான். செருப்பு இல்லை. தார் ரோட்டில் பாதம் பொத்துப்போனது அவனுக்குத் தெரியவில்லை. பஸ் ஹாரன், உடுக்கைச் சத்தம், வேப்பிலைக் கட்டோடு கூட்டம். ஐந்து வயதுப் பிள்ளை தனியாகப் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

எங்கே போயிருக்கும் என்று அவன் யோசிக்கவேயில்லை. கால் தானாக ஏரிக்கரைக்குத் திரும்பியது.

ஷோபனாவைப் புதைத்த மண்மேட்டின் மேல் பாப்பா உட்கார்ந்திருந்தது.

வீட்டில் விரித்து விட்டிருந்த முடி, இப்போது இரட்டைச் சடை. இறுக்கிப் பின்னி, நுனியை மடித்துக் கட்டி. அப்படிப் பின்னுகிறவள் ஒருத்திதான்.

"யாரு பாப்பா பின்னுனது?"

"அம்மா."

தூக்கினான். தூக்க முடியவில்லை. பூவாக இருந்த பிள்ளை பாறையாகக் கனத்தது. இரண்டு கையாலும் இழுத்தான். நகரவில்லை. பாப்பாவின் கண் சொருகியது.

"தூக்கம் வருது நைனா… அம்மா உள்ள எடம் போட்டு வெச்சிருக்குது."

எழிலரசன் அந்த மண்ணில் விழுந்தான். வாழ்நாளில் எந்தக் கோயிலிலும் விழாதவன் விழுந்தான். ஹார்ட் டிஸ்க் இன்னும் அவன் கையிலேயே இருந்தது. டிக்… டிக்… அழுதுகொண்டே வெறும் கையால் மண்ணைத் தோண்டினான்.

"படத்த நீ வெச்சுக்கோ ஷோபா. எல்லாத்தையும் வெச்சுக்கோ. இதுவரைக்கும் எடுத்தது, இனிமே எடுக்கறது, எல்லாம் உனக்குத்தான். எம் புள்ளைய மட்டும் உட்டுடு… உட்டுடு தாயே."

ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினான்.

சத்தம் அடங்கியது.

பாப்பாவைத் தூக்கினான். இந்தத் தடவை வந்தது. லேசாக வந்தது. முன்னைவிட லேசாக.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் போன் செத்திருந்தது. அதற்கப்புறம் அது எந்தச் சார்ஜருக்கும் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பில் மூன்று ஃபோல்டரில் இரண்டு காலி. ஷோபனாவும் இல்லை, பாப்பாவும் இல்லை. சுவரில் மாட்டின அந்த ஒரு சட்டம் போட்ட படம் தவிர மனைவியின் முகத்தைப் பார்க்க அவனிடம் வேறு எதுவும் மிஞ்சவில்லை. "போனாப் போவுது மாஸ்டர், புள்ள இருக்குதே" என்று என் கடையில் உட்கார்ந்து விம்மினான். நானும் அழுதேன், மறைப்பானேன். ஜெயக்கொடி கொண்டுவந்த அம்மன் கயிற்றைப் பாப்பாவின் கையில் கட்டினார்கள். தொல்லை விட்டது என்று எல்லாருமே நினைத்தோம்.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். பிரிண்ட் போட்ட படம். பாப்பா இரண்டாம் வரிசை, இரண்டு பக்கமும் கைகோத்த தோழிகள். எழிலரசன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்தான். நானே பார்த்தேன், இந்த யூனிஃபார்மை நான்தானே தைத்தேன் என்று பெருமையாகக்கூடச் சொன்னேன்.

ஆவணி அமாவாசைக்கு மறுநாள் அந்தப் படத்தில் பாப்பா இல்லை.

வரிசையில் ஓர் ஆள் இடைவெளி. இரண்டு தோழிகளும் நடுவில் கையை நீட்டி, விரலை மடக்கி, எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதையுமே பிடித்திருக்கவில்லை.

எழிலரசனுக்குப் புரிந்தது. இனிமேல் எடுக்கிறதும் உனக்குத்தான் என்று அவனே சொல்லியிருக்கிறான் அல்லவா. அவள் எடுத்துக்கொள்கிறாள். புதிதாக வந்ததை மட்டும்.

சரி, படமே எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தான். பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்தான். அடுத்து வந்தது புரட்டாசி அமாவாசை. உச்சி வேளை வந்ததும் பாப்பாவின் உடம்பு கொதித்தது. கண்ணைத் திறக்காமலே பேசியது.

"நைனா… புதுசா ஒண்ணும் இல்லியான்னு அம்மா கேக்குது."

அவன் தன் போனை எடுத்தான். ஒரு படம் எடுத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரையிலிருந்து போய்விட்டது. அடுப்பில் வைத்த கஞ்சி இறங்குவதற்குள் காய்ச்சலும் இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து அமாவாசைக்கு ஒரு படம். தவறினதில்லை. சாமி இல்லை, பூதம் இல்லை என்று ஊரைக் கூட்டினவன், பிள்ளையை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துத் தாய்க்குப் படைக்கிறான். "காய்ச்சல் வரல, அது போதும் மாஸ்டர்" என்பான். நானும் தலையாட்டினேன்.

ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. பாப்பாவின் பேச்சு குறைந்தது. ஐப்பசியில் கதை கேட்பது நின்றது. கார்த்திகையில் மழைத் தண்ணீரில் குதிப்பது நின்றது. ஒரு சாயங்காலம் பைக் வந்து நின்றபோது கேட்டில் யாரும் தொங்கவில்லை. பாட்டும் இல்லை. "புள்ள வளர்றா, சமத்தாயிட்டா" என்றார்கள் தெருவில்.

வளர்கிறாளா? பொங்கலுக்குப் பாவாடை தைக்க நான் அளவெடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்தபோது யூனிஃபார்முக்கு எடுத்த அதே அளவு. உயரம் அதே. தோள் அதே. அந்த வயதில் பிள்ளைகள் தைத்து முடிப்பதற்குள் வளர்ந்துவிடும். டேப்பைத் திருப்பித் திருப்பி வைத்தேன். நூலளவு மாற்றமில்லை. அத்தனை நேரமும் பாப்பா என்னையே பார்த்தபடி நின்றது. கண் இமைத்ததா என்று இப்போது யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை.

எழிலரசனிடம் நான் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

தை மாசம் குழி வெட்டுகிற தாண்டவராயன் சார்ஜ் ஏறாத போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

"தம்பி, கேட்டா கோச்சுக்கக் கூடாது. உன் சம்சாரத்த வெச்ச எடத்துல இன்னா பொதச்ச?"

எழிலரசன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"ஏன்?"

"அமாவாசைக்கு அமாவாசை, உச்சி வேளையில, உள்ளருந்து டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. அப்புறம் ஒரு பொம்பள கொஞ்சற சத்தம். கைக்கொழந்தையக் கொஞ்சற மாரி."

எழிலரசனின் கண் நிறைந்தது. அவள் படத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதானே என்பதுபோல என்னைப் பார்த்தான்.

"அதகூட உட்டுட்டேன் தம்பி. ஆனா இப்ப தெனம் சாயங்காலம் வேற ஒண்ணு கேக்குது." தாண்டவராயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ ஏரிக்கர வழியா வீட்டுக்குப் போற இல்ல? உன் வண்டி சத்தம் கேட்டாப் போதும்… மண்ணுக்குள்ள ஒரு புள்ள கத்துது."

"இன்னான்னு?"

அவர் யோசித்தார்.

"என்னமோ… நைனா வண்டி வந்துச்சு, பஜ்ஜி வாங்கி வந்துச்சுன்னு."

அன்று சாயங்காலம் எழிலரசன் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டான். தனியாகப் போக முடியவில்லை அவனால். பஜ்ஜி வாங்கினான். ஏரிக்கரை வந்ததும் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவன் பொத்தவில்லை. அவன் கை ஹேண்டில்பாரில் இருந்தது. முதுகு மட்டும் குலுங்கியது.

தெருமுனையில் திரும்பினோம்.

பாப்பா வாசலில் நின்றிருந்தது. இரட்டைச் சடை. நான் தைத்த புதுப் பாவாடை. எங்களைப் பார்த்தது.

ஒன்றும் சொல்லவில்லை.

எழிலரசன் வண்டியை விட்டு இறங்கவேயில்லை.